வரும் ஆண்டின் வர்க்கமூலம்

2007 டிசம்பர் 31 அன்று மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீடு 20,287 புள்ளிகளில் முடிந்தது. ஓராண்டு கழித்து, 2008 டிசம்பர் 31இல், அதே குறியீடு 9,647. நூறு ரூபாய் போட்டவரிடம் நாற்பத்தெட்டு ரூபாய்கூட மிஞ்சவில்லை. அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி திவாலாகி மூன்றரை மாதம் ஆகியிருந்தது. நவம்பரில் மும்பையில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்திருந்தது. புத்தாண்டு பிறந்த ஏழாம் நாளே சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிவந்தது. இப்படித் தொடங்கிய ஆண்டைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல யாருக்கு மனம் வந்திருக்கும்? 2009 டிசம்பர் 31இல் சென்செக்ஸ் 17,465. ஒரே ஆண்டில் 81 சதவீத ஏற்றம்.

அந்த ஏற்றத்தின் பெரிய துண்டு ஒன்று ஒரே நாளில் வந்தது. மே 16, சனிக்கிழமை, மக்களவைத் தேர்தல் முடிவு வெளியானது. திங்கட்கிழமை சந்தை திறந்த சில நொடிகளில் விலை உச்ச வரம்பைத் தொட்டதால் வியாபாரம் நிறுத்தப்பட்டது. மறுபடி திறந்தார்கள், மறுபடி வரம்பைத் தொட்டது, அத்துடன் அன்றைக்கு மூடிவிட்டார்கள். உயர்வு 17 சதவீதத்துக்கும் மேல். செய்தியைப் படித்துவிட்டுத் திங்கட்கிழமை காலை வாங்கலாம் என்று உட்கார்ந்திருந்தவருக்கு வாங்க நேரமே கிடைக்கவில்லை.

இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். முதல் ஆண்டில் 52 சதவீதம் நட்டம், அடுத்த ஆண்டில் 81 சதவீதம் லாபம். கூட்டி இரண்டால் வகுத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 14 சதவீத லாபம் என்று வரும். ஆனால் 2007 கடைசியில் போட்ட நூறு ரூபாய் 2009 கடைசியில் 86 ரூபாயாகத்தான் நின்றது. சதவீதங்கள் கூட்டலில் சேர்வதில்லை, பெருக்கலில் சேர்கின்றன. பாதியை இழந்த பணம் பழைய நிலைக்கு வர இரு மடங்காக வேண்டும். எவ்வளவு சராசரி லாபம் என்பதோடு, அது எவ்வளவு ஆட்டத்தோடு வந்தது என்பதும் கையில் மிஞ்சுவதைத் தீர்மானிக்கிறது.

ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த ஆண்டு சந்தை எப்படி இருக்கும், தங்கம் எங்கே போகும் என்று கணிப்புகள் வந்து குவிகின்றன. அவை பொய்த்துப் போனால், அது கணிப்பவர்களின் திறமைக் குறைவு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். காரணம் அதைவிட ஆழமானது. அது கணிதத்தில் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து நூற்றாண்டுக்கும் மேல் ஆகிறது.

1900 மார்ச் 29. பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகத்தில் லூயி பஷெலியே என்ற முப்பது வயது இளைஞர் தன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து விவாதிக்கிறார். துறைமுக நகரான லெ ஆவ்ரில் திராட்சை மது வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். இளவயதிலேயே பெற்றோரை இழந்து கடையைப் பார்த்துக்கொண்டவர். அதனால் படிப்புக்குத் தாமதமாக வந்தவர். ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் மாபெரும் கணிதமேதை ஆன்றி புவான்கரே இருந்தார். ஏட்டின் பொருள் ஊக வணிகம். வான் கோள்களும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் பேசப்பட்ட அவையில் பாரிஸ் பரிவர்த்தனைச் சந்தையின் அரசுக் கடன் பத்திர விலையைப் பற்றிப் பேச வந்திருந்தார் அவர். புவான்கரே அதன் புதுமையைப் பாராட்டினார். ஆனால் வழக்கமான பொருளிலிருந்து விலகியது என்றும் குறித்தார். உயர்ந்த தரம் கிடைக்கவில்லை. நல்ல பதவிகளும் அவருக்கு எளிதில் வாய்க்கவில்லை.

பஷெலியே சொன்னது இதுதான். ஒரு விலை நிலவுகிறது என்றால், அந்த விலையில் வாங்க ஒருவர் இருக்கிறார், விற்கவும் ஒருவர் இருக்கிறார். ஏறும் என்று நினைப்பவர்களும் இறங்கும் என்று நினைப்பவர்களும் சமமாக நிற்கும் புள்ளியே விலை. ஆகவே அடுத்த நொடியில் அது எந்தப் பக்கம் போகும் என்பதற்கு அந்த விலையிலேயே விடை இருக்க முடியாது. காசைச் சுண்டிப் பூ விழுந்தால் ஓரடி முன்னே, தலை விழுந்தால் ஓரடி பின்னே என்று நடக்கும் நடைக்கு என்ன கணிதமோ அதே கணிதம் விலைக்கும் பொருந்தும்.

இதில் மெய்சிலிர்க்க வைக்கும் ஒன்று இருக்கிறது. 1827இல் தாவரவியலர் ராபர்ட் பிரவுன், மகரந்தத்திலிருந்து வெளிவந்து நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் துடிப்பதை நுண்ணோக்கியில் கண்டார். 1905இல் ஐன்ஸ்டைன் அந்தத் துடிப்பை விளக்கினார்: கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் மோதுகின்றன. அணு என்ற ஒன்று உண்மையிலேயே உண்டு என்பதை உலகம் ஒப்புக்கொள்ள வழி செய்த கட்டுரைகளில் அது ஒன்று. அதில் ஐன்ஸ்டைன் கண்ட கணிதத்தின் சாரம், ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே பஷெலியேயின் ஏட்டில் கடன் பத்திர விலைக்காக எழுதப்பட்டிருந்தது! பிரபஞ்சம் எதனால் ஆனது என்ற கேள்வியும், நாளைக்கு என் பத்திரம் என்ன விலை போகும் என்ற கேள்வியும் ஒரே சமன்பாட்டில் வந்து சந்தித்தன. சந்தித்தது அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1950களில்தான் அமெரிக்கப் பொருளியலர் பால் சாமுவேல்சனின் கண்ணில் அந்த ஏடு பட்டது.

சாமுவேல்சன் 1965இல் இந்தக் கருத்துக்கு ஓர் உறுதியான அடித்தளம் கொடுத்தார். நாளை ஒரு பங்கு பத்து ரூபாய் ஏறப்போவது பலருக்கும் உறுதியாகத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் நாளைவரை காத்திருப்பார்களா? இன்றே வாங்குவார்கள். இன்றே விலை பத்து ரூபாய் ஏறிவிடும். நாளைக்கு ஏற எதுவும் மிச்சமிருக்காது. தெரிந்த செய்தியெல்லாம் இப்படி இன்றைய விலைக்குள் புகுந்துவிடுவதால், நாளை விலையை அசைப்பது இன்று யாருக்கும் தெரியாத செய்தி மட்டுமே.

வங்கக் கடலில் உருவாகும் புயலை இதனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். வானிலை ஆய்வு மையம் நாகப்பட்டினத்தில் கரை கடக்கும் என்று அறிவித்தால் புயல் அதைக் கேட்டு வழி மாறுவதில்லை. அதனால் செயற்கைக்கோளும் கணினியும் கூடக் கூடக் கணிப்பு மேம்படுகிறது. சந்தை கணிப்பைக் கேட்கிறது. நல்ல கணிப்பு பரவிய மறுகணமே தன்னைப் பொய்யாக்கிக்கொள்கிறது. எத்தனை கூர்மையான அறிவு வந்தாலும் அது விலைக்குள் கரைந்துவிடுகிறது.

இதைக் கணக்கெடுத்துப் பார்த்தவர் ஆல்ஃபிரட் கௌல்ஸ். காசநோய்க்காகக் கொலராடோவின் மலைக்காற்றைத் தேடிப்போய்த் தங்கிய அமெரிக்கப் பணக்காரர். பல முதலீட்டு ஆலோசனை இதழ்களுக்குச் சந்தா கட்டியவர். 1929 சரிவை அவற்றில் எதுவும் ஒழுங்காக எச்சரிக்கவில்லை என்பது அவரை உறுத்தியது. பதினாறு ஆலோசனை நிறுவனங்கள் நாலரை ஆண்டுகளில் கொடுத்த சுமார் 7,500 பரிந்துரைகளைத் தொகுத்தார். 1933இல் முடிவை வெளியிட்டார்: அந்தப் பரிந்துரைகளின்படி நடந்தவர், சந்தையின் சராசரியைவிட ஆண்டுக்கு 1.4 சதவீதம் குறைவாகவே பெற்றிருப்பார். சந்தையின் போக்கைக் கணித்த 24 வெளியீடுகளைச் சோதிக்க அவர் செய்த வேலை அழகானது. சீட்டுகளைக் கலைத்து எடுத்துக் கற்பனைக் கணிப்புகளை உருவாக்கி, நிபுணர் கணிப்புகளோடு ஒப்பிட்டார். சிறந்த நிபுணர், சிறந்த சீட்டுக் கணிப்பைவிடக் குறிப்பிட்டுச் சொல்லும்படி மேலாக இல்லை. மோசமான நிபுணரோ, மோசமான சீட்டையும்விட மோசமாக இருந்தார்.

சரி, எதுவுமே தெரியாது என்றால் யாரும் ஏன் பங்கில் பணம் போட வேண்டும்? இங்கேதான் வர்க்கமூலம் வருகிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

காசு சுண்டி நடப்பவர் நூறு அடி வைத்தால் தொடங்கிய இடத்திலிருந்து ஏறத்தாழ பத்தடி தள்ளி இருப்பார். பத்தாயிரம் அடி வைத்தால் நூறடி. நடை நூறு மடங்கானால் விலகல் பத்து மடங்குதான் ஆகிறது. முன்னும் பின்னுமான அடிகள் ஒன்றையொன்று தின்றுவிடுவதால் விலகல் காலத்தின் வர்க்கமூலமாக மட்டுமே வளர்கிறது. ஆனால் தொழில்கள் லாபம் ஈட்டுவதால் வரும் மெல்லிய சாய்வு ஒன்று உண்டு. ஒவ்வோர் அடியிலும் ஒரு நூலிழை முன்னால் தள்ளும் சாய்வு. அது காலத்தோடு நேராகவே வளர்கிறது, நூறு மடங்கு காலத்தில் நூறு மடங்கு.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். பங்குகள் வங்கி வைப்பைவிட ஆண்டுக்குச் சராசரியாக 4 சதவீதம் கூடுதலாகத் தருகின்றன, ஆண்டு ஆட்டத்தின் அளவு 20 சதவீதம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் பங்கு வைப்பை முந்தும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பதரை. காசு சுண்டுவதற்கும் அதற்கும் வேறுபாடு காண முடியாது. ஒரு மாதத்தில் 52. ஓராண்டில் 58. இருபத்தைந்து ஆண்டில் 84. முதலீட்டைப் பற்றி நாம் கேட்கக்கூடிய எல்லாக் கேள்விகளிலும் ‘வரும் ஆண்டு எப்படி?’ என்பது சாய்வு இன்னும் தலைகாட்டாத, ஆட்டம் மட்டுமே ஆளும் காலத்தைப் பற்றிய கேள்வி. அதை ஆவலாகக் கேட்பது இயல்புதான். விடைக்குத்தான் இடமில்லை.

நீண்ட காலம் காத்திருந்தால் பங்கு கட்டாயம் வெல்லும் என்று விளம்பரங்கள் சொல்வதை இதே கணக்கு மறுக்கிறது என்பதையும் பாருங்கள். இருபத்தைந்து ஆண்டு பொறுத்த பிறகும் நூற்றில் பதினாறு பேர் வங்கி வைப்பிடம் தோற்கிறார்கள். தோற்பவர் எவ்வளவு தோற்பார் என்பதும் ஆண்டுகள் கூடக் கூடப் பெரிதாகிறது. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,916 புள்ளிகளில் முடிந்தது. அந்த உயரத்தை அது மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரி 22 அன்று. முப்பது வயதில் உச்சத்தில் நுழைந்தவருக்கு அறுபத்து நான்கு வயது. பணக்கார நாடு, உலகப் புகழ்பெற்ற நிறுவனங்கள், ஆனாலும் இப்படி.

அதோடு, அந்த 4 சதவீதச் சாய்வுதான் எவ்வளவு என்று நமக்கு உறுதியாகத் தெரியுமா? நூறு ஆண்டுப் பதிவு கையில் இருந்தாலும், 20 சதவீத ஆட்டத்துக்கு நடுவே சராசரியை அளந்தால் இரண்டு சதவீத அளவுக்குத் திட்டப்பிழை இருக்கும், உண்மை அதன் இரு மடங்குவரை விலகியிருக்கலாம். நாலு என்று கிடைத்த விடை உண்மையில் பூச்சியமாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். சென்செக்ஸின் அடிப்படை ஆண்டே 1978–79தான். ஒரு மனித ஆயுள் முழுவதும் பார்த்தாலும் தெளியாத எண்ணை வைத்துக்கொண்டு, வரும் டிசம்பரில் குறியீடு இத்தனை புள்ளி என்று இலக்கு சொல்வதை எப்படி ஏற்பது?

ஒன்று மட்டும் கணிக்க முடிகிறது, அதுவும் வியப்பானது. சந்தை எந்தத் திசையில் போகும் என்று தெரியாவிட்டாலும், எவ்வளவு ஆடும் என்பது ஓரளவு தெரியும். பெரிய அசைவுகளுக்குப் பின் பெரிய அசைவுகள், சிறியவற்றுக்குப் பின் சிறியவை என்று கூட்டம் கூட்டமாக வருவதை 1963இல் கணிதவியலர் பெனுவா மாண்டல்பிராட் பருத்தி விலைகளில் கவனித்தார். இதற்கான கணிதத்தை 1982இல் உருவாக்கிய ராபர்ட் எங்கிள் 2003இல் நோபல் பரிசு பெற்றார். 2020 மார்ச் 23ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சென்செக்ஸ் அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. ஆண்டு முழுவதும் ஆட்டம் ஒரே சீராக 20 சதவீதம்தான் என்று எடுத்துக்கொண்டு வழக்கமான மணி வடிவ வளைவை (இயல்நிலைப் பரவலை) பொருத்தினால், இப்படி ஒரு நாள் பிரபஞ்சம் பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட வந்திருக்கக் கூடாது. ஆனால் எதிர்பார்க்கப்படும் ஆட்டத்தை அளக்கும் இந்தியா விக்ஸ் குறியீடு அதற்கு முந்தைய நாட்களிலேயே 60ஐத் தாண்டியிருந்தது. அந்த அளவுகோலை வைத்தால் அதே வீழ்ச்சி வழக்கமான நாள் அசைவைப்போல் மூன்றரை மடங்குதான். அரிதுதான், ஆனால் நடக்கக்கூடியது. பூமி அதிர்ந்துகொண்டிருக்கிறது என்று கருவி காட்டியது. சுவர் எந்தப் பக்கம் சாயும் என்று காட்டவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் சென்செக்ஸ் 47,000ஐத் தாண்டியதையும் எந்தக் கருவியும் மார்ச்சில் காட்டியிருக்க முடியாது.

இந்தக் கணிதத்தை அறிந்த பிறகு என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. பஷெலியே தன் ஏட்டில் விலை கண்டுபிடிக்க முயன்ற பொருள்களில் ஒன்று ஆப்ஷன், அதாவது குறித்த விலையில் பின்னர் வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை. இந்தியாவில் குறியீட்டு ஆப்ஷன் வியாபாரம் 2001 ஜூனில் தொடங்கியது. இன்று கைப்பேசி வைத்திருக்கும் யாரும், சில நாட்களில், சில மணி நேரத்தில் காலாவதியாகும் ஆப்ஷனை வாங்கலாம். சாய்வு துளியும் இல்லாத, ஆட்டம் மட்டுமே உள்ள காலத்துண்டின் மீது பந்தயம் கட்டுவது அது. ஒருவரின் லாபம் மற்றவரின் நட்டம், அதற்கு மேல் தரகும் வரியும். 2024 செப்டம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வியாபாரம் செய்த ஒரு கோடிக்கும் மேலான தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய். அதில் சுமார் 50,000 கோடி கட்டணங்களாகவே போனது. அவர்களில் முப்பது வயதுக்குக் குறைந்தவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31இலிருந்து 43 சதவீதமானது. நான்கில் மூன்று பேரின் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்கும் குறைவு. இவர்களில் பலர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளைகள். பங்குச் சந்தை வகுப்பு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு கோடுகள் போட்டுக் காட்டுபவர்கள் வர்க்கமூலத்தை இவர்களிடம் சொல்லாமல் விடுவது பெரும் அநியாயம்.

தங்கத்துக்கும் இதே கதைதான், நம் ஊரில் நம்ப மாட்டார்கள் என்றாலும். 1980 ஜனவரியில் லண்டனில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம், 1999இல் 253 டாலருக்கு இறங்கியது. மறுபடி 850ஐப் பார்க்க 2008 ஆகிவிட்டது. இந்த வீழ்ச்சி நம் பாட்டிகளுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், 1980இல் எட்டு ரூபாயாக இருந்த டாலர் 1999இல் 43 ரூபாயாகியிருந்ததுதான். அந்த ஆண்டுகளில் நாம் பார்த்த உயர்வு முழுவதும் ரூபாயின் தேய்மானத்தால் வந்ததே. தங்கம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். ரூபாய் தேயும்போது அது கைகொடுக்கிறது. கடந்த ஆண்டு ஏறியது என்பது வரும் ஆண்டு ஏறுவதற்குக் காரணமாகாது என்பதே.

ஆக, வரும் ஆண்டைப் பற்றி உங்களுக்கு மட்டுமே தெரிந்தவற்றிலிருந்துதான் திட்டம் தொடங்க முடியும். ஜூனில் கல்லூரிக் கட்டணம், ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம், மாதா மாதம் வீட்டுக்கடன் தவணை. ஓராண்டுக்குள் தேவைப்படும் பணம் 58க்கு 42 என்ற பந்தயத்தில் நிற்கக் கூடாது. அது வங்கியில் இருக்கட்டும். ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் வரை 2020 பிப்ரவரியிலிருந்து காப்பீடு உண்டு. இருபது ஆண்டு தொடாத பணத்துக்குத்தான் சாய்வு வேலை செய்ய நேரம் இருக்கிறது. அதிலும் கட்டணம் என்பது ஆட்டமே இல்லாத, இன்றே தெரிந்த எண். மியூச்சுவல் ஃபண்டின் ஆண்டுச் செலவு 0.2 சதவீதமா 2 சதவீதமா என்பது அதன் விவரத் தாளிலேயே இருக்கிறது. செலவுக்கு முன் 11 சதவீதம் வளரும் ஒரு லட்ச ரூபாய் 25 ஆண்டில் முதலாவதில் 13 லட்சமாகும், இரண்டாவதில் 8.6 லட்சம்.

கடன் அட்டைப் பாக்கி ஃபண்டின் செலவையும் மிஞ்சும். மாதம் 3.5 சதவீத வட்டியில் ஒரு லட்ச ரூபாய் பாக்கியை அப்படியே விட்டால் பன்னிரண்டு மாதத்தில் ஒரு லட்சத்து 51 ஆயிரம் ஆகிறது, தாமதக் கட்டணமும் வட்டி மீதான வரியும் தனி. அதை அடைப்பவர் ஆண்டுக்கு 51 சதவீதத்தைச் சொல்லிவைத்தாற்போல மிச்சப்படுத்துகிறார். பொங்கலுக்கு போனஸ் வந்தால், எந்தப் பங்கு, எந்தத் தங்கம் என்று விசாரிப்பதற்கு முன் அட்டையின் கணக்கறிக்கையை எடுத்துப் பாருங்கள். பாக்கி இருந்தால் முழுத் தொகையையும் அன்றே கட்டிவிடுங்கள்.